நெற்றி விளக்கும் இருபத்து நாலு குஞ்சுகளும்

"கோழிக்குஞ்சுகூட இவளக் கண்டா மூலைக்கு ஓடுது. இவ தாப்பாவுக்குப் போயி எந்த டீச்சருகிட்ட வாயத் தொறந்து பேசப் போறா?"

அத்தை இதை என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். அத்தை அப்பாவின் அக்கா. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் இருந்த பலகைச் சுவர் மேலே கூரையைத் தொடாது. எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் அத்தை அந்தப் பக்கத்திலிருந்து "நூறு வயசு" என்பார். அப்படி இருக்கும்போது எங்கள் வீட்டுப் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாமல் போகாது.

மலேசியாவில் நம் ரப்பர் தோட்டப் பள்ளியில் என்னோடு ஆறாம் வகுப்பில் இருந்த நீங்கள் நால்வரும் எங்கெங்கோ இருக்கிறீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்த ஆண்டு நான் பள்ளி விட்டதும் பந்து விளையாட வராமல் வீட்டுக்கு ஓடியது ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. "கோழி டீச்சர்" என்று பெயர் மட்டும் வைத்தீர்கள். பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அப்போது அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் எழுதப்படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அப்பாவுக்குத் தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. ஆறாம் வகுப்பு முடிந்ததும் நான் வீட்டில் இருந்து தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வயது வந்ததும் பெயர் பதிந்து ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போக வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது, அவ்வளவுதான். அம்மாதான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அதை மறுத்துப் பேசினார். தாப்பா டவுனில் இருக்கும் பெரிய பள்ளிக்கு நான் போக வேண்டும், பஸ்ஸுக்கும் சட்டைக்கும் அப்பா எதுவும் தர வேண்டாம், கோழி வளர்த்துத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அப்பா சிரித்தார். அவர் ரப்பர் பாலைச் சேர்க்கும் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். நிறையப் பேசமாட்டார்.

"மொதல்ல கோழி நிக்கட்டும்," என்றார். "அப்புறம் பாக்கலாம்."

அடுத்த வாரமே குஞ்சுகள் வந்தன. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை கட்டிக்கொண்டு ஒரு சீனர் மாதம் ஒருமுறை லயத்துக்கு வருவார். அவர் விற்பது மெஷினில் பொரித்த குஞ்சுகள். தாய்க்கோழியின் சூட்டை அறியாதவை. அம்மா இருபத்து நாலு குஞ்சு வாங்கினார். பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆனவை, பாதி ரோமமும் பாதி இறகுமாக இருந்தன. "முட்டைக் கோழி, நல்லா முட்டை போடும் லா," என்று சீனர் தமிழிலேயே சொன்னார். கூடையைத் திறந்தபோது அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடியில் ஒளியப் பார்த்தன. பயம் அவற்றோடு சேர்ந்தே பொரிந்தது போல.

வீட்டுக்குப் பின்னால் அப்பா பழைய பலகையில் கூண்டு அடித்துக் கொடுத்தார். முன்பக்கம் கம்பி வலை. மற்ற மூன்று பக்கமும் பலகை. நான்கு மரக்கட்டைகளின் மேல் முழங்கால் உயரத்தில் நின்றது.

அம்மா மரம் வெட்டுபவர். காலை ஐந்து மணிக்கு ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பால் நிறுத்து ஊற்றிவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். ஆகவே குஞ்சுகளுக்கு விடியுமுன்பே தீனி வைத்துவிட்டுப் போவார். உடைத்த அரிசியும் தவிடும் கலந்து, வெந்நீர் தெளித்து, கையால் பிசைந்து வைப்பார். எங்களுக்குக்கூட அவ்வளவு பொறுமையாகச் சோறு பிசைந்ததில்லை.

மூன்றாம் நாள் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. காயம் இல்லை, கழிச்சல் இல்லை. மூலையில் தட்டையாகக் கிடந்தது, யாரோ மிதித்ததைப் போல. மறுநாள் இன்னொன்று. இரண்டு நாள் கழித்து ஒரே காலையில் இரண்டு.

லயம் முழுவதும் வைத்தியம் சொன்னது. அத்தை கண்ணூறு என்றார். கோடி வீட்டுக்காரி வந்து பார்த்ததைத் தான் கண்டதாகவும் சொன்னார். பூசாரியிடம் திருநீறு வாங்கிக் கூண்டின் நான்கு மூலையிலும் போட்டார்கள். பழைய செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்பா மூசாங் வருகிறது என்று நினைத்தார். மரநாய்க்கு அங்கே அப்படித்தான் பெயர். வலையை இரட்டையாக்கினார். மூசாங் ஒன்றையும் தின்னாமல் எதற்கு மிதித்துவிட்டுப் போக வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அம்மா செய்தது ஒன்றுதான். இன்னும் அரைமணி நேரம் முன்னதாக எழுந்தார். நோய் பிடித்த குஞ்சு எது என்று கண்டுபிடிக்க, கூண்டுக்குள் தலையை நன்றாக நீட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரம் மூன்று செத்தன.

நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சை அத்தை பேசியது அப்போதுதான். பள்ளி விட்டு வந்து நான் கூண்டுக்கு அருகில் போனேன், மீதிக் குஞ்சுகள் எல்லாம் பின்மூலைக்கு ஓடிக் குவிந்தன. அத்தை சொன்னது உண்மைதான். அவை என்னைக் கண்டு ஓடின. நானும் மனிதர்களைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிகிறவள்தான். தோட்டத்துக் கணக்கர் பெரிய கிராணி நம் வகுப்புக்கு வந்து பெயர் கேட்டபோது நான் சொல்லாமல் நின்றதையும், உங்களில் ஒருத்தி எனக்காகச் சொன்னதையும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆனாலும் அத்தையின் பேச்சு எனக்குச் சுட்டது. அழுகை வரவில்லை. இந்தக் குஞ்சுகள் சாவது ஏன் என்று நானே கண்டுபிடிக்கிறேன் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் சீனக் கடையில் கொடுத்த மாதக் கலண்டர் தொங்கியது. மீன் பிடித்த குண்டுக் குழந்தை படம் போட்டது. செத்த நாளில் எல்லாம் அதில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். முன்பு செத்தவற்றுக்கும் நினைவிலிருந்து போட்டேன். பிறகு தினமும் பார்த்தேன். நான்கு வாரக் குறிகள் சேர்ந்த பிறகு ஒன்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குறி இல்லை. நடுவில் மழை பெய்த இரண்டு நாளிலும் குறி இல்லை.

தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு வேலை இல்லை. விடியலில் மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. அந்த நாட்களில் அம்மா விடிந்த பிறகுதான் தீனி வைத்தார்.

மறுநாள் நான் அம்மாவுக்கு முன்னால் எழுந்தேன். சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்து, கூண்டின் பின்பக்கம் போய் ஈரத் தரையில் மண்டியிட்டேன். பலகைகளுக்கு நடுவில் இரண்டு விரல் அளவு இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். உள்ளே கும்மிருட்டு. குஞ்சுகள் தூக்கத்தில் விடும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. குஞ்சு நாற்றம், தவிட்டு நாற்றம்.

பிறகு வெளிச்சம் வந்தது. அம்மா வரவில்லை.

அப்படித்தான் இருந்தது. அம்மாவின் நெற்றியில் கட்டியிருந்த கார்பைட் விளக்கு மட்டும் இருட்டில் ஆடி ஆடி வந்தது. அதற்குக் கீழே முகம் இல்லை, கை இல்லை, உடம்பு இல்லை. விளக்கில் இருந்த கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டும் சீறல் கேட்டது, பாம்பு சீறுவது போலவே. அது எங்கள் வீட்டு விளக்கு, அம்மாவின் தலையில் இருப்பது என்று தெரிந்தும் நானே பலகையை விட்டு விலகி, மறுபடி கண்ணை வைத்தேன். "பா... பா... பா..." என்று அம்மா மிகவும் அன்பாகக் கூப்பிட்டார். கதவு திறந்தது. வெளிச்சம் உள்ளே நுழைந்து, நோய் பிடித்தது எது என்று தேடித் தேடி நகர்ந்தது. அத்தனை குஞ்சும் அலறிக்கொண்டு நான் இருந்த மூலைக்கு வந்து, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் குவிந்தன. அடியில் இருந்தவற்றின் சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம், என் கன்னத்துக்கு நேராகக் கேட்டது.

அம்மா தீனியை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார். நான் முன்பக்கம் வந்து இருட்டில் கையை விட்டுக் குவியலைப் பிரித்தேன். கைக்குக் கொத்து விழுந்தது, கீறல் விழுந்தது. கடைசியாக இருந்தது சூடாக இருந்தது, அசையவில்லை. மீதி பதினைந்து.

அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பள்ளியில் அன்று முழுவதும் அதுவே யோசனை. மதியம் அம்மா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டு பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நீ நெத்தி லைட்டோட வர்றப்பதான் குஞ்சு சாவுது. பயந்துபோயி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நசுங்குது. நான் பாத்தேன்."

அம்மா நிமிரவில்லை. அப்பாதான் முதலில் பேசினார். வெளிச்சத்தைப் பார்த்துச் செத்த கோழியை இன்றைக்குத்தான் கேள்விப்படுவதாகச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, படித்த பிள்ளை பெற்றவள் மேலேயே பழி போடுவதை எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். லயத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அதுங்களுக்குச் சோறு வைக்கத்தானடி போறேன்," என்றார் அம்மா. 

நான் உள்ளே போய்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நீட்டினேன். அம்மாவுக்கு எண் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிவப்பு என்று தெரியும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, சிவப்பு வரிசையில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஒருமுறை ஓட்டி, மறுபடியும் ஓட்டினார்.

"செவப்புல ஒண்ணுமே இல்ல," என்றார்.

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். இரவு சாப்பிடும்போது, என் முகத்தைப் பார்க்காமல், நாளையிலிருந்து நீயே பார்த்துக்கொள் என்றார்.

விளக்கு போனதும் சாவு நின்றது. பயம் நிற்கவில்லை. மனித நிழல் விழுந்தாலே மூலைக்கு ஓடின. ஓடிக் குவிகிற குஞ்சு தின்னாது, தின்னாதது வளராது, வளராதது முட்டை போடாது. அப்பாவின் "நிக்கட்டும்" என்ற பேச்சுக்கு இந்தப் பதினைந்தும் நின்றாக வேண்டும்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பலகை இடுக்கில் கண் வைத்தபோது பார்த்ததை வைத்து நானே செய்தேன். உயரத்திலிருந்து வருவது பயம். ஆகவே தூரத்திலேயே குனிந்து, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து போனேன். கண்ணுக்குக் கண் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். தினமும் அதே நேரம், அதே பழைய பாவாடை. கூண்டுக் கதவைத் திறந்து, கையைத் தரையில் மல்லாக்க வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன். சும்மா இருந்தால் சட்டென்று இருமல் வந்தது, அவை ஓடின. ஒரே சீரான சத்தம் ஒன்று இருந்தால் அவை பழகிக்கொள்ளும் என்று தோன்றியது. மலாய் பாடப் புத்தகத்தை எடுத்துப் போய்ச் சத்தமாக வாசித்தேன். வகுப்பில் ஒரு வரி வாசிக்க நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு அங்கே ஒட்டவில்லை. தப்பாக வாசித்தாலும் கோழிகள் சிரிக்கவில்லை. ஒருநாள் பின்பக்கமாகப் போன பால் லாரி ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, ஒரு சொல்லைத் திருத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மக்கிப்போன ரப்பர்க் கட்டையை உடைத்துக் கறையான் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தேன். கறையான் என் கையில் ஊர்ந்தது, கடித்தது. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். விரல் கோணலான ஒரு குஞ்சு மட்டும் கூட்டத்தைவிட்டு இரண்டு அடி வந்தது, நின்றது, ஓடியது, திரும்ப வந்தது. என் சுண்டுவிரலைத்தான் முதலில் கொத்தியது. பிறகு ஒரு கறையானை எடுத்துக்கொண்டு போனது. அன்று நான் சோறு சாப்பிட மறந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஆறு வந்தன. அப்போதுதான் என் தப்பும் நடந்தது. அதற்கு நீங்களே சாட்சி. நீங்கள் நால்வரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கோழி டீச்சர் கையில் எத்தனை மாணவர்கள் என்று கேலி செய்தீர்கள். எனக்குப் பெருமை தலைக்கேறியது. கையில் தின்றுகொண்டிருந்த கோணல் விரல்காரியை லபக்கென்று பிடித்து உங்களுக்குத் தூக்கிக் காட்டினேன். அது கத்திய கத்தலில் பதினைந்தும் மூலையில். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்காக என் இரண்டு வார வேலை கெட்டது. மறுபடியும் முதலிலிருந்து, தூரத்தில் உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து வாசித்தேன். அதன் பிறகு அவை தாமாக மடியில் ஏறும்வரை ஒன்றையும் நான் பிடிக்கவில்லை.

அவை ஏறின. ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பதினைந்தும் நான் கூப்பிட்டால் வந்தன. நான் நடந்தால் பின்னால் வந்தன. அத்தைகூட ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இதுகளுக்கு என்ன மருந்து வைத்தாய் என்று கேட்டார்.

ஆனால் அம்மா மட்டும் அருகில் வரவில்லை. மதியம் திரும்பியதும் கதவுக்கு உள்ளேயே நின்று பார்ப்பார். சில நாட்களில் எனக்கு முன்பே வேலை முடிந்து வந்துவிடுவார். தண்ணீர் தீர்ந்திருந்தாலும் என்னைத்தான் எதிர்பார்ப்பார். தாப்பாவுக்குப் போய்விட்டால் நான் திரும்ப மாலை ஆகிவிடும். பகலில் இவற்றை யார் பார்ப்பது? என்னை அனுப்புவதற்காக வாங்கிய கோழிகள், நான் இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும். இது எனக்குப் புரிந்த அன்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம் பாப்பா. என்னையத் தெரியும் அதுங்களுக்கு."

"லைட்டத்தாம்மா தெரியும். ஒன்னையத் தெரியாது."

அம்மா வந்தார். பால் கறையில் விறைத்துப்போன வேலைச் சட்டையோடு வந்தார். புளித்த பால் நாற்றத்துக்கு அவை விலகி நின்றன. குளித்து, என் பாவாடை நிறத்தில் ஒரு கைலி கட்டிக்கொண்டு மறுபடி வந்தார். நான் சொன்னபடி குனிந்து குனிந்து நகர்ந்தார். காலை முழுக்க மரம் மரமாக நடந்து வந்தவருக்கு அது வலித்திருக்க வேண்டும். உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் தூங்கி விழுந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நான் வாசித்தேன். அம்மா கையை மல்லாக்க வைத்துக்கொண்டு தூங்கினார். அசையாமல் இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அப்படித் தூங்கிய ஒரு மதியம்தான் ஒரு பெட்டைக் கோழி அம்மாவின் கையில் கொத்தியது. அம்மா கண் விழித்தார். கையை எடுக்கவில்லை. வெட்டுக்கத்திப் பிடியில் காய்த்துப்போன அந்தக் கையில் கோழியின் மூக்கு படுவது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, தின்று முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தத் தாப்பா பாரத்த எங்கடி வச்சிருக்க?" என்றார்.

தலைமையாசிரியர் கொடுத்த பெரிய பள்ளி விண்ணப்பப் பாரம் என் புத்தகப் பையில் மூன்று வாரமாக இருந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் நானே மலாயில் எழுதி வைத்திருந்தேன். பெற்றோர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே அப்பாவின் பெயர்தான் எழுத வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, அப்பா பால் ஸ்டோரிலிருந்து வந்தபோது அம்மா கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பதினைந்தும் அம்மாவின் காலைச் சுற்றி நின்றன. ஒன்று முதுகில் ஏறியிருந்தது. அப்பா சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். சாப்பிடும்போது குழம்பைப் பிசைந்துகொண்டே, "கோழிதான் நின்னுருச்சே," என்றார். "வாத்தியாருகிட்ட அந்தப் பாரத்த வாங்கிட்டு வா. கைநாட்டு வைக்கிறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.

பாரம் அப்பாவுக்குத் தெரியாமல் திங்கட்கிழமையே தலைமையாசிரியர் கைக்குப் போயிருந்தது. அதில் பெற்றோர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை நான் எழுதினேன். பக்கத்தில் அம்மா பெருவிரலை மையில் தோய்த்து, அழுத்தி, எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.